தாயக்கட்டையும் கணக்கும்

கணக்குப் பாடம் முதலாவதாக வரும் நாட்களில் மட்டும் காலையில் வயிற்றுவலி காணும் பிள்ளைகள் சிலரை நாம் அறிவோம். மருத்துவரிடம் கொண்டு சென்றால், நோய் ஒன்றும் இல்லை என்பார். வெள்ளிக்கிழமை மாலை அவ்வலி தானாகவே நீங்கிவிடும். ஞாயிறு இரவு மீண்டும் தலைகாட்டும். இதனைப் பொய் என்று சொல்லிப் பிள்ளையை அதட்டும் பெற்றோர் உளர். அது பொய்யன்று, அச்சம். அச்சத்திற்கு அதட்டல் மருந்தாகாது.

இத்தகைய பிள்ளை ஒன்று எமது தங்கையின் வீட்டிலேயே இருந்தது. எட்டு வயது, தரம் 3 இல் படிப்பவள். தேவாரத்தைப் பண் பிசகாமற் பாடுவாள். ஒருமுறை கேட்ட கதையை ஒரு சொல்லும் விடாமல் திருப்பிச் சொல்லுவாள். ஆயினும், எட்டும் ஐந்தும் எத்தனை என்று கேட்டால் அவளுடைய கண்கள் கலங்கும். தந்தையார் நல்லவர், பொறுமை சற்றுக் குறைந்தவர். "இன்னும் இரண்டு வருடத்தில் புலமைப்பரிசிற் பரீட்சை, இவளோ இப்போதும் விரல் மடித்து எண்ணுகிறாள்" என்பது அவருடைய ஓயாத கவலை. சென்ற ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் தங்கை அவளை எம்மிடம் கூட்டிவந்து, "அண்ணா, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறீர்கள். உங்கள் மருமகளை மட்டும் விட்டுவிடலாமா?" என்று கேட்டு, விட்டுச் சென்றாள்.

முதல் நாள் மாலை, விறாந்தையில் மேசையின் முன்னே அவளை இருத்தி அதே கேள்வியைக் கேட்டோம். அவளுடைய இரண்டு கைகளும் மேசையின் கீழே மறைந்தன. தோள்கள் மெல்ல அசைந்தன. பன்னிரண்டு என்றாள். எமது முகத்தைப் பார்த்தாள். உடனே, பதினான்கு என்றாள். அவள் கணக்கைச் செய்யவில்லை. எமது முகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

மேசையின் கீழே மறைந்த கைகளை நாம் முன்னரும் ஒருமுறை கண்டிருக்கிறோம். ஆசிரியத் தொழிலிற் புகுந்த புதிதில் எமது வகுப்பிலே ஒரு மாணவன் அவ்வாறு மறைத்து எண்ணுவான். ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும், "கைகளை மேசைமேல் வை" என்றோம். வகுப்புச் சிரித்தது. நாமும் சிரித்தோம். அன்று முதல் அவன் விடை சொல்வதையே நிறுத்திவிட்டான். அவனுக்குக் கணக்கு வரவில்லை என்றே அந்நாளில் எண்ணியிருந்தோம். அவனிடமிருந்த ஒரே ஊன்றுகோலைப் பறித்தவர் நாமே என்பது, பல ஆண்டுகளின் பின்னரே எமக்கு விளங்கிற்று. அந்தக் கடனை அவனிடம் இனித் தீர்ப்பதற்கு வழியில்லை.

ஆதலால், அன்று மாலை மருமகளிடம் கைகளை எடு என்று நாம் சொல்லவில்லை. கொப்பியை மூடினோம். அலுமாரியிற் கிடந்த பாம்பும் ஏணியும் விளையாட்டுப் பெட்டியைத் திறந்து, அதிலிருந்த இரண்டு தாயக்கட்டைகளை மட்டும் எடுத்து மேசையில் வைத்தோம்.

அப்போது உள்ளேயிருந்து எமது அன்னையார் வந்தார். "தம்பி, படிக்க வந்த பிள்ளையின் கையில் இதையா கொடுக்கிறாய்? பாண்டவரைக் காட்டுக்கு அனுப்பிய பொருள் அல்லவா?" என்றார்.

இக்கேள்வியைப் புறக்கணித்தற்கில்லை. எமது வாசகர் இல்லங்கள் பலவற்றிலும் இது எழக்கூடும். வள்ளுவர் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்து அதனைக் கடிந்துள்ளார். ஆயினும், தருமனைக் கெடுத்தது கட்டையன்று; கட்டையின்மேல் நாட்டையும் தம்பியரையும் தேவியையும் பணயமாக வைத்த நெஞ்சமே. அதே பாரதத்தின் வனபருவத்தில் நளன் கதை வருகின்றது. அயோத்தி மன்னனாகிய இருதுபன்னன், தான்றிமரம் ஒன்றின் இலைகளையும் காய்களையும் தேரில் இருந்தவாறே கணக்கிட்டுச் சொல்லுகிறான். சாரதியாக மாறுவேடத்தில் இருந்த நளன் மரத்தை வீழ்த்தி எண்ணிப் பார்த்து, தொகை பிசகாதிருக்கக் கண்டு வியக்கிறான். தனது குதிரைவித்தையைக் கொடுத்து, கணக்கும் கவறும் ஒன்றாகிய அவ்வித்தையை அவனிடம் பெறுகிறான். பெற்றவுடனே கலி அவனை விட்டு நீங்குகிறது. அறியாமல் உருட்டியவன் நாடிழந்தான், அறிந்தவன் மீட்டான். வேதகாலத்தில் அந்தத் தான்றிக்காயே கவறாகப் பயன்பட்டது என்பதும் நினைக்கத்தக்கது.

இவ்வளவையும் அன்னையாரிடம் எடுத்துச் சொன்னோம். "கதை சொல்லி என்னை வெல்லப் பார்க்காதே. ஒரு சதமாவது பணயம் வைத்தாயானால் இரண்டையும் அடுப்பில் போடுவேன்" என்று சொல்லி, வெற்றிலைத் தட்டத்தோடு வாசற்படியிற் காவலாக அமர்ந்துகொண்டார். அந்நிபந்தனையை மனமுவந்து ஏற்றோம். வாசகர்களும் அதனை ஏற்றுக்கொள்ளுதல் நன்று. காசு வேண்டாம், இனிப்பும் வேண்டாம். பரிசு வந்தால் பிள்ளையின் கண் பரிசின்மேற் போகும், எண்ணின்மேல் நிற்காது.

இனி, இச்சிறு கட்டை என்ன செய்கின்றது என்பதைப் பார்ப்போம். கட்டையின் முகத்தில் 5 என்ற குறி இல்லை. ஐந்து புள்ளிகள் இருக்கின்றன. குறியை மனனஞ் செய்த பிள்ளைக்கும் ஐந்து என்பதன் பொருள் தெரியாதிருக்கலாம். புள்ளியிலோ தொகை கண்முன்னே நிற்கின்றது. 1871 ஆம் ஆண்டில் யெவன்ஸ் என்னும் ஆங்கில அறிஞர், பெட்டிக்குள் அவரைவிதைகளை எறிந்து, எண்ணாமல் ஒரே பார்வையில் தொகையைச் சொல்லத் தம்மால் முடியுமா என்று பல நூறு முறை சோதித்தார். மூன்று, நான்கு வரையில் அவர் ஒருபோதும் தவறவில்லை. ஐந்திலிருந்து தவறத் தொடங்கினார். அறிஞருடைய கண்ணுக்கே எல்லை நான்குதான். அவ்வெல்லையைத் தாண்டப் பிள்ளைக்கு உதவுவது ஒழுங்கு. ஐந்து என்பது நான்கு மூலையும் ஒரு நடுவும். ஆறு என்பது மும்மூன்றாக இரண்டு வரிசை. இவ்வடிவங்கள் மனத்திற் பதிந்தால் எண்ணவேண்டிய தேவை நீங்கும். விரல்களும் தாமாகவே ஓய்வு பெறும். நாம் அவற்றைப் பறிக்க வேண்டியதில்லை.

முதல் இரண்டு நாளும் ஒரு கட்டையே போதும். சிரட்டை ஒன்றில் இட்டுக் குலுக்கி, துணிமேற் கவிழ்த்து, கணநேரம் காட்டி மூடிவிடவேண்டும். எத்தனை என்று பிள்ளை சொல்லட்டும். பின்னர் அடியிலுள்ள முகத்தில் எத்தனை என்று கேளுங்கள். எதிர்முகங்கள் இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஏழு வரும் என்பதை நாம் அவளுக்குச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் தானே கண்டுபிடித்து, "மாமா, மேலே இரண்டென்றால் கீழே ஐந்து! கள்ளத்தனம் தெரிந்துவிட்டது" என்று துள்ளினாள். ஏழிலிருந்து கழித்தல் அவளுக்கு அந்தக் கணத்திலேயே வந்துவிட்டது. எல்லாக் காலத்துக் கட்டைகளும் இவ்வாறு அமைந்தவையல்ல. மொகஞ்சதாரோவிற் கிடைத்த பழங்கட்டைகளில் ஒன்றுக்கு எதிரே இரண்டும், மூன்றுக்கு எதிரே நான்கும், ஐந்துக்கு எதிரே ஆறும் இருந்தன.

அடுத்தது இரண்டு கட்டைகளால் கூட்டல். இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஆறும் மூன்றும் விழுந்தால் பெரும்பாலான பிள்ளைகள் ஒன்று முதல் ஒன்பது வரை எல்லாப் புள்ளிகளையும் தொட்டு எண்ணுவர். பெரிய கட்டையைக் கையால் மூடி, "இதில் எத்தனை?" என்று கேளுங்கள். ஆறு என்பாள். "அதற்கு மேலே எண்ணு" என்று சிறிய கட்டையைக் காட்டுங்கள். ஏழு, எட்டு, ஒன்பது. முதலிலிருந்து எண்ணும் பிள்ளைக்கும் மேலே எண்ணும் பிள்ளைக்கும் இடையிலுள்ள தூரமே, கணக்கை அஞ்சுவதற்கும் அஞ்சாமைக்கும் இடையிலுள்ள தூரம் என்பது எமது அனுபவம்.

ஐந்தாம் நாள் தென்னோலை ஈர்க்குகளைச் சிறு துண்டுகளாக்கி ஒரு குவியல் வைத்தோம். இரண்டு கட்டைகளை உருட்டி, வந்த தொகைக்கு ஈர்க்கு எடுக்கவேண்டும். பத்துச் சேர்ந்தால் நூலாற் கட்டவேண்டும். முதலிற் பத்துக் கட்டுச் சேர்த்தவரே வென்றவர். ஒன்றினிடம், பத்தினிடம் என்று வகுப்பிற் சொல்லப்படும் இடப்பெறுமானம் இங்கே கைக்குள் வந்துவிடுகின்றது. மறுநாள் அதனைத் தலைகீழாக விளையாடினோம். ஆளுக்கு ஐந்து கட்டோடு தொடங்கி, விழுந்த தொகையைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். எட்டு விழுந்தது, உதிரி ஈர்க்கு ஒன்றும் இல்லை. சிறிது நேரம் திகைத்தாள். பின்பு ஒரு கட்டை அவிழ்த்தாள். எட்டைத் தந்துவிட்டு, மீதியிருந்த இரண்டையும் நான்கு கட்டையும் பார்த்தபடி, "மாமா, கடன் வாங்கிக் கழிப்பது என்று ரீச்சர் சொல்வது இதுதானா?" என்றாள். ஆம் என்றோம். "ஆனால் நான் யாரிடமும் வாங்கவில்லையே, என்னுடைய கட்டைத்தானே அவிழ்த்தேன்" என்றாள். இத்தனை ஆண்டுகளாய்க் கரும்பலகையிற் கடன் வாங்கிக் கடன் வாங்கிக் கழித்து வந்த எமக்கு, அக்கடன் ஏன் ஒருபோதும் திருப்பிக் கொடுக்கப்படவில்லை என்பது அன்றுதான் தோன்றியது.

பெருக்கலுக்குச் சதுரக் கோடிட்ட கொப்பியே துணை. பத்துக்குப் பத்தாக நூறு கட்டங்கள் கொண்ட சதுரத்தை ஆளுக்கொன்று வரைந்து கொள்க. நான்கும் ஆறும் விழுந்தால், நான்கு கட்ட அகலமும் ஆறு கட்ட நீளமுமான செவ்வகத்தை அதற்குள் வரைந்து, நடுவே 24 என்று எழுதுக. முந்திய செவ்வகத்தின்மேல் பிந்தியது ஏறுதலாகாது. இடமில்லையேல் முறையை விட்டுவிட வேண்டும். இருவருக்கும் இடமற்றுப் போனபின், எஞ்சிய கட்டம் குறைந்தவரே வென்றவர். நாலாறும் ஆறுநாலும் ஒன்றென்பதைப் பிள்ளை இங்கே கண்ணாற் காண்கிறாள். செவ்வகத்தைத் திருப்பி வைத்தால் முடிந்தது.

சாதாரணக் கட்டையால் ஆறாறு முப்பத்தாறு வரையே செல்லலாம். பிள்ளைகள் இடறுவதோ ஏழெட்டிலும் எட்டொன்பதிலுமே. அதற்குத் தச்சரிடம் ஓர் அங்குலச் சதுரமுகிகள் இரண்டு செய்வித்து, ஆறு முகங்களிலும் 4, 5, 6, 7, 8, 9 என்று எழுதிக்கொண்டால் வேண்டிய வாய்பாடெல்லாம் அதற்குள் அடங்கும். ஒன்று சொல்வோம்: கட்டை உருட்டினால் வாய்பாடு ஒப்பிக்க வேண்டியதில்லை என்று எவரும் மயங்க வேண்டாம். விளையாட்டுப் பொருளைத் தரும். ஒப்பித்தல் விரைவைத் தரும். பொருளறியாத ஒப்பித்தல் பரீட்சை மண்டபத்தில் கைவிடும். ஒப்பித்தல் இல்லாத பொருளுணர்வு அங்கே நேரம் போதாமற் தடுமாறும். இரண்டும் வேண்டும், ஆனால் பொருள் முந்தவேண்டும்.

விளையாட்டினால் கணக்கு வளருமா என்று ஐயுறும் தந்தையர்க்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் கீதா ரமணி, ரொபேட் சீக்லர் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், வறிய குடும்பங்களைச் சேர்ந்த பாலர்களுக்கு, 1 முதல் 10 வரை வரிசையாக எண்ணிட்ட கட்டங்களில் காய் நகர்த்தும் எளிய விளையாட்டு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தனர். இரண்டு கிழமைக்குள் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழக் கால்மணி நேரம். எண்ணிலே அவர்களுக்கிருந்த அறிவு வளர்ந்தது. ஒன்பது கிழமைகளின் பின்னரும் அவ்வளர்ச்சி நிலைத்திருந்தது. எண்களுக்குப் பதிலாக நிறங்கள் தீட்டிய பலகையில் விளையாடிய பிள்ளைகளிடம் அவ்வளர்ச்சி காணப்படவில்லை. ஆய்வு 2008 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆகவே பாம்பும் ஏணியும் விளையாடும்போது, 23 ஆம் கட்டத்தில் நிற்கும் பிள்ளை ஒன்று, இரண்டு, மூன்று என்று தாவாமல், இருபத்து நான்கு, இருபத்தைந்து, இருபத்தாறு என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லியே நகரட்டும். செலவில்லாத இச்சிறு மாற்றம் பெரும்பயன் தரும்.

மேல்வகுப்பு மாணவர்க்கும் இக்கட்டையில் விருந்துண்டு. கோடாத தாயக்கட்டைகள் இரண்டை உருட்டினால் விளையக்கூடிய சோடிகள் 36. அவற்றுள் ஏழு வருவது 6 வழிகளில். இரண்டும் பன்னிரண்டும் ஒவ்வொரு வழியில் மட்டுமே. நூறு முறை உருட்டி, கோடிட்டுக் குறித்து, தாமே இதனைக் காணட்டும். மூன்று கட்டைகளில் 9 வருவது எளிதா, 10 வருவது எளிதா என்ற வினா இத்தாலியில் எழுந்தபோது அதனைத் தீர்த்தவர் கலிலியோ. இரண்டையும் மும்மூன்று எண்களின் கூட்டமாக ஆறு வகையில் எழுதலாம்; ஆதலால் சமம் போலத் தோன்றும். ஆயினும் 3, 3, 3 என்பது ஒரே வழியில்தான் விழும். எண்ணிப் பார்த்தால், மொத்தம் 216 வழிகளில் 9 க்கு 25 உம், 10 க்கு 27 உம் கிடைக்கும். 1654 ஆம் ஆண்டில் பஸ்காலும் பெர்மாவும் சூதாட்டக் கணக்கொன்றைப் பற்றி எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்தே நிகழ்தகவு என்னும் கணிதத்துறை வளர்ந்தது. அக்கணக்கை அறிந்தவன் சூதாடும் கூடத்திற்கு எளிதிற் போகமாட்டான். அங்கே நீண்டநாளில் வெல்பவர் கூடம் நடத்துபவரே என்பதை அவன் எண்ணாலேயே அறிவான்.

எட்டாம் நாள் மாலை நடந்ததைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. கட்டைகளை மூன்றாக்கி உருட்டினோம். மருமகள் எண்ணத் தொடங்குமுன், நாமும் வாய் திறக்குமுன், வாசற்படியிலிருந்து "பதினான்கு" என்று ஒரு குரல் வந்தது. பார்த்தால் ஐந்து, ஐந்து, நான்கு. மீண்டும் உருட்டினோம். "பதினொன்று." வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய கை நிற்கவில்லை. அன்னையார் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆயினும் சந்தைக் கணக்கில் எவரும் அவரை ஏய்த்ததில்லை. அது எவ்வாறு வந்தது என்று இந்நாள்வரை நாம் கேட்டதுமில்லை.

"அம்மம்மா, நீங்கள் விரலே மடிக்கவில்லையே!" என்று பிள்ளை வியந்தாள்.

"என்னுடைய விரலும் ஒரு காலத்தில் மடிந்ததுதான், பிள்ளை" என்றார் அவர். பின்பு, நம்மை நிமிர்ந்து பாராமலே, சிறுமியாய் இருந்த நாளில் சிவராத்திரி விழிப்புக்காக விடியும்வரை அக்காமாரோடு திண்ணையில் இருந்து சோகி உருட்டித் தாயம் ஆடியதைச் சொன்னார். நிமிர்ந்த சோகி எத்தனை, கவிழ்ந்தது எத்தனை, காய் எங்கே, வெட்டுவதற்கு இன்னும் எத்தனை வேண்டும் என்று இருட்டிலே கைவிளக்கின் ஒளியில் எண்ணி எண்ணிப் பழகிய கணக்காம் அது. "அப்படியானால் அன்றைக்கு ஏன் தடுத்தீர்கள் அம்மா?" என்று கேட்டோம். "அப்பு கண்டால் ஏசுவார். அந்தப் பயம் இன்னும் போகவில்லை" என்று சிரித்தார். அன்று முதல் அவரும் ஓர் ஆட்டக்காரர். எம்மைப் பலமுறை வென்றார் என்பதையும் மறைக்கவில்லை.

பெற்றோர்க்குச் சில வேண்டுகோள்கள் உண்டு. ஒருநாளைக்குக் கால்மணி நேரம் போதும். பிள்ளை இன்னும் வேண்டும் என்னும்போதே நிறுத்துங்கள். தொகையைக் கூட்டி எழுதும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுங்கள். தவறினால் உடனே திருத்தாதீர்கள், "எப்படி வந்தது?" என்று மட்டும் கேளுங்கள். சரியாகச் சொன்னபோதும் சில வேளை அதே கேள்வியைக் கேளுங்கள். இல்லையேல், கேள்வி வந்தாலே தவறு என்று அவள் எடுத்துக்கொள்வாள். இடையிடையே நீங்களும் பிழை விடுங்கள். அதனைக் கண்டுபிடித்துத் திருத்தும் பெருமை பிள்ளைக்குரியது. கட்டையில் அதிட்டமும் கலந்திருப்பதால், வல்லவன் தோற்கவும் எளியவன் வெல்லவும் இடமுண்டு. கொப்பியில் என்றும் தோற்றுவந்த பிள்ளைக்கு அந்த ஒரு வெற்றி எவ்வளவு பெரியது என்பதை நேரிற் கண்டவரே அறிவர். தவழும் குழந்தை உள்ள வீடாயின், கட்டைகளை எண்ணி எடுத்து வைத்த பின்னரே எழுந்திருங்கள். வாயில் இட்டு விழுங்கிவிடும் அபாயம் உண்டு.

மருமகள் கணக்கில் முதலாம்பிள்ளை ஆகிவிட்டாள் என்று சொல்லி வாசகரை மகிழ்விக்க எமக்கும் ஆசைதான். அவ்வாறு நடக்கவில்லை. அடுத்த தவணைப் பரீட்சையில் அவள் பெற்றது 58 புள்ளி. முன்னர் பெற்றது 31. தந்தையார்க்கு அது போதவில்லை. எமக்குப் போதும். காலை வயிற்றுவலி நின்றுவிட்டதென்று தங்கை சொன்னாள்.

அண்மையில் அவர்கள் வீட்டுக்குச் சென்றிருந்தோம். பிள்ளை வீட்டுவேலை செய்துகொண்டிருந்தாள். ஏதோ ஒரு கணக்கில் தடைப்பட்டு, ஒரு விரலை மடித்தாள், பின் மற்றொன்றை. தந்தையார் வாய் திறக்கப் போனார்; எம்மைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் விடையை எழுதிவிட்டு அடுத்த கணக்கிற்குச் சென்றாள்.

அவளுடைய இரண்டு கைகளும் மேசையின் மேலே இருந்தன.